பழைய ஆம்னியில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2006 மாடல் ஆம்னி. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைப்பூ ஏற்றி, விடியும் முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவதுதான் அதற்கு வேலை. நான் மெக்கானிக் இல்லை. ஒரே கோளாறுக்கு இரண்டு முறை காசு கொடுத்து, மூன்றாம் முறை மல்டிமீட்டர் வாங்கிக் கற்றுக்கொண்டவன். ஊரில் ஆம்னி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிப் போடுகிறேன். ஆம்னியை வைத்து எழுதினாலும், டேங்குக்குள் பம்ப் இருக்கிற எந்தப் பழைய பெட்ரோல் வேனுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் வண்டியில் இருப்பது எலக்ட்ரிக் பம்ப்தானா?

ஆம்னி 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை ஓடிய மாடல், அதனால் இரண்டு வகையும் ரோட்டில் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி என்றால் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும், கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள அது இழுக்கும், அதற்கு ஒயரே கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எம்.பி.எஃப்.ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுகிற) வண்டி என்றால் பம்ப் மோட்டார் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும். பியூஸ், ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), இ.சி.எம் (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி), தரைக்கு அடியில் போகிற ஒயர், கப்ளர் (ஒயரைக் கழற்றி மாட்டுகிற இணைப்பு), எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற ஒயர்) என்று அதற்குப் பின்னால் ஒரு பட்டாளமே இருக்கிறது. கோளாறு அதில் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பம்ப் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். சாவியை ஆன் மட்டும் செய்து, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். பின்பக்கம் அடியிலிருந்து இரண்டு, மூன்று வினாடிக்கு "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்டு நின்றுவிட வேண்டும். அது லைனில் பிரஷர் ஏற்றி வைப்பதற்காக இ.சி.எம் பம்பை ஓட்டுகிற நேரம். அதற்குள் இன்ஜின் சுற்றவில்லை என்றால் அதுவே நிறுத்திவிடும். இதைப் பார்த்து "பம்ப் ஓடி ஓடி நின்னுடுதுண்ணே" என்று பயந்து போன் செய்தவர்கள் உண்டு. அப்படி நிற்பதுதான் சரி.

ஆன் செய்யும்போது முனகல் வருகிறது, செல்ஃப் அடிக்கும்போது வரவில்லை என்றால் பம்பைத் தொடாதீர்கள். இன்ஜின் சுற்றுகிறது என்று இ.சி.எம்முக்குத் தகவல் சொல்கிற சென்சார் பேசவில்லை என்று அர்த்தம். தகவல் வராவிட்டால் இ.சி.எம் பம்பை ஓட்டாது, பெரும்பாலும் ஸ்பார்க்கும் வராது. செல்ஃப் சத்தத்தில் முனகல் காதில் விழாது என்பதால், செல்ஃப் அடிக்கும்போது பம்ப் கப்ளரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முனகலே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பியூஸிலிருந்து. பியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று திரும்பச் சொருகுவது போதாது. நடுக்கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் தெரியாது. மீட்டரில் வைத்துப் பாருங்கள், அல்லது புதுசு ஒன்று போட்டுப் பாருங்கள். பியூஸ் உட்காருகிற பல் கருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரிலே. அதன் இடம் மாடலுக்கு மாடல் மாறும். ஒருவரைச் சாவியை ஆன் ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் ஒவ்வொரு ரிலேயாக விரலை வைத்துப் பாருங்கள். ஆன் செய்ததும் ஒரு "டக்", இரண்டு மூன்று வினாடி கழித்து இன்னொரு "டக்" எதில் அடிக்கிறதோ அதுதான் பம்ப் ரிலே. இ.சி.எம்முக்கே கரண்ட் கொடுக்கிற மெயின் ரிலே தனியாக இருக்கும், அது ஒரு முறைதான் அடிக்கும். மெயின் ரிலே போனால் செக் இன்ஜின் லைட்டும் எரியாமல் போகலாம். ஆன் செய்ததும் அந்த லைட் எரிகிறதா என்பதுதான் முதலில் நான் பார்ப்பது. எரியவில்லை என்றால் பின்னால் டேங்க் பக்கம் போய்ப் பிரயோஜனம் இல்லை.

ரிலே "டக்" என்கிறது. அப்படியானால் ரிலே நல்லதுதானே?

இல்லை! இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "டக்" என்றால் உள்ளே காயில் (மின்காந்தம்) இழுக்கிறது, அவ்வளவுதான். அது சேர்த்துவைக்கிற முனை கருகிப் போயிருந்தால் கரண்ட் அந்தப் பக்கம் போகாது. நான்கு கால் ரிலேயில் 85, 86 காயிலுக்கு, 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பம்புக்குப் போவது. எண்கள் ரிலேயின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், சில ரிலேயில் இருக்காது. கையில் பிடித்து 85, 86-க்கு பேட்டரி கரண்ட் கொடுத்தால் "டக்" என்று இழுக்க வேண்டும், அப்போது 30-க்கும் 87-க்கும் நடுவில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும்.

சுலபமான வழி, வண்டியிலேயே அதே மாதிரி இன்னொரு ரிலே, ஹாரனுக்கோ வேறெதற்கோ, இருந்தால், கால்களின் அமைப்பும் ஆம்பியரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஒரு நாள் ஹாரன் இல்லாமல் ஓட்டலாம். மதுரைக்குள் அது கஷ்டம்தான், ஆனாலும் ஓட்டலாம்.

பம்ப் கப்ளரில் மீட்டர் வைத்தால் 12 ஓல்ட் காட்டுகிறது. அப்புறமும் ஓடவில்லை என்றால் பம்ப்தானே?

கப்ளரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தீர்களா, மாட்டியிருக்கும்போது வைத்தீர்களா? இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

மீட்டர் கரண்டே குடிக்காது. இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 ஓல்ட் ஜம்மென்று காட்டும். சொம்பு வைத்துப் பிடித்தால் ஊரில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும், மோட்டார் போட்டு இழுத்தால்தான் எந்தக் குழாயில் அடைப்பு என்று தெரியும். அது மாதிரிதான். அந்த இழை வழியாக 4 ஆம்பியர் போகவேண்டி வந்தால் ஓல்ட்டேஜ் அங்கேயே செத்துவிடும்.

அதனால் லோடு கொடுத்துத்தான், அதாவது கரண்டை இழுக்க வைத்துத்தான், பார்க்க வேண்டும். இரண்டு வழி. ஒன்று, பம்பை மாட்டியே வைத்து, கப்ளரின் பின்பக்கத்திலிருந்து குண்டூசியைச் செருகி, பம்ப் ஓடும்போதே அளப்பது. இன்னொன்று, பம்புக்குப் பதிலாக கப்ளரில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை ஒயர் போட்டு மாட்டுவது. பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒயர் பெரும்பாலும் சரி. மெழுகுவர்த்தி மாதிரி சிவந்து எரிந்தால் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு. சின்னப் பல்பு செய்கிற வேலையைக் கழற்றிய கப்ளரில் வைத்த மீட்டரால் செய்ய முடியாத இடம் இது. ஒன்றே ஒன்று, அந்த இடத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் பல்பும் வேண்டாம் கில்பும் வேண்டாம், முதலில் கசிவைப் பாருங்கள்.

எர்த் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கதையையே சொல்கிறேன், அதில் எல்லாம் வந்துவிடும்.

ஒரு பங்குனி மாதம், பூ மூட்டையோடு செக்கானூரணி தாண்டி நாகமலை புதுக்கோட்டைக்கு முன்னால் வண்டி திணறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. ஒரு பட்டறையில் விட்டேன். பம்ப் போச்சு என்று டேங்கை இறக்கிப் புது பம்ப் போட்டார்கள். எட்டு நாள் நன்றாக ஓடியது, ஒன்பதாம் நாள் அதே இடத்துக்குப் பக்கத்தில் அதே திணறல். திரும்பப் போனேன், "பம்ப் டூப்ளிகேட்டா வந்திருக்கும்" என்று இன்னொன்று போட்டார்கள். அதுவும் அதே கதை.

மூன்றாவது முறை எங்கள் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் லாரிக்கு ஒயரிங் வேலை பார்த்தவர். "மாப்ள, பம்பக் கழட்டுறத விட்டுட்டு மொதல்ல கரண்டு போயிச் சேருதான்னு பாரு" என்றார். ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் 30-க்கும் 87-க்கும் ஒரு பியூஸ் வைத்த ஒயரைக் கொடுத்து பம்பைத் தொடர்ந்து ஓடவிட்டார். பேட்டரி முனையில் 12.3 ஓல்ட். பம்ப் கப்ளரில் 9.2. நடுவில் 3.1 ஓல்ட் காணாமல் போயிருக்கிறது.

அது பிளஸ் பக்கம் போனதா, எர்த் பக்கம் போனதா? மீட்டரின் ஒரு முனையை நீளமான ஒயரால் பேட்டரி மைனஸில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பம்பின் எர்த் ஒயரில் குத்தினார். நல்ல எர்த் என்றால் அங்கே 0.1, மிஞ்சிப்போனால் 0.2 ஓல்ட் இருக்கலாம். எனக்கு 2.4 இருந்தது. மீதி 0.7 பிளஸ் பக்கம். அதுவும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் திருடன் யார் என்று தெரிந்துவிட்டது.

வண்டிக்கு அடியில் படுத்து அந்த எர்த் ஒயரை விரலாலேயே தடவிக்கொண்டு போனோம். பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. காய்ந்த சேறு அப்பிக் கல்லாக இருந்ததைக் கத்தியால் சுரண்டினால், திம்பிள் (ஒயர் முனையில் போல்ட்டுக்குள் மாட்டுகிற வளையம்) முழுக்கப் பச்சைக் களிம்பு, ஒயரைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ரப்பருக்குள்ளே செம்பு கறுத்துப் பொடியாகி நாலைந்து இழைதான் மிச்சம். கணக்குப் போட்டால், 4 ஆம்பியர் போகும்போது 2.4 ஓல்ட் விழுகிறது என்றால் அந்த இடத்தில் 0.6 ஓம். கிட்டத்தட்ட 10 வாட் சூடு அந்த ஒற்றைப் போல்ட்டில்! ஓட ஓடச் சூடேறும், சூடேற ஏற இன்னும் மோசமாகும், அரை மணி நின்றால் ஆறிவிடும். செக்கானூரணிக்கு அப்பால் நின்றதற்கு ஊர் ராசி காரணமில்லை, வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில்தான் அந்தப் போல்ட் சூடேறியிருக்கிறது.

உப்புத்தாளால் பாடியை வெள்ளையாகத் தேய்த்து, நல்ல செம்பு தெரிகிற இடம் வரை ஒயரை வெட்டி, புதுத் திம்பிள் போட்டு அழுத்தி, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். பம்பில் 11.6 வந்தது. இரண்டு பம்ப் காசு போனது போனதுதான். முதலில் கழற்றிய பழைய பம்பை டிக்கியில் போட்டிருந்தேன், பெட்ரோல் வாளியில் முக்கி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், மாமா அடிக்க வந்துவிட்டார். அதை யாரும் செய்யாதீர்கள்.

பெட்ரோல் முள்ளும் ஆடுகிறது. சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கலாம். பல வண்டிகளில் டேங்குக்குள் பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவைக்கும் பம்புக்கும் ஒரே கப்ளர், சிலவற்றில் ஒரே எர்த். பம்ப் ஓடும்போது மட்டும் முள் நகர்ந்தால் நேராக எர்த்துக்குப் போங்கள்.

வெயிலில் நிற்கிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. எர்த் சரியாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் மூன்று பேர் மேல் சந்தேகம். ரிலே, சென்சார், பம்ப் மோட்டார். நின்ற உடனே, ஆறுவதற்குள் பார்க்க வேண்டும், பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறி நல்ல பிள்ளையாகிவிடும். நின்றதும் சாவியை ஆஃப் செய்து, ஆன் செய்து முனகலைக் கேளுங்கள். முனகல் இருந்தால் சென்சார் பக்கம் பாருங்கள். இல்லையென்றால் ரிலேயை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுங்கள், பழைய ரிலேயில் உள்ளே பற்றுவைத்த இடம் விரிசல் விட்டிருந்தால் தட்டியதும் வேலை செய்யும். அதுவும் இல்லையா, ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் மெதுவாகத் தட்டும்போது இன்னொருவர் சாவியை ஆன் செய்யட்டும். தட்டியதும் ஓடினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அன்று வீட்டுக்கு வந்துவிடலாம், மறுநாள் பம்ப் வாங்க வேண்டும்.

மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் இந்தக் கேள்வி நிறைய வரும். காரணம் வெயில் மட்டுமில்லை. டேங்கில் எப்போதும் நூறு, இருநூறு ரூபாய்க்கு மட்டும் அடித்து ஓட்டுகிற பழக்கம். பம்புக்குக் குளிர்ச்சி கொடுப்பதே பெட்ரோல்தான். கால் டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள் என்பது அதனால்தான்.

பியூஸ் போட்டதும் போய்விடுகிறது. பெரிய ஆம்பியர் போடலாமா?

கூடாது. சிகரெட் அட்டைக்குள் இருக்கிற வெள்ளிப் பேப்பரைச் சுற்றுவதும் கூடாது. அந்த ஒயர் போவது பெட்ரோல் டேங்குக்கு, ஞாபகம் இருக்கட்டும். பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டுப் புது பியூஸ் போட்டு ஆன் செய்யுங்கள். பியூஸ் போகாமல் நின்றால் பம்ப் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே ஷார்ட். அப்போதும் போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது எலி வேலை. பியூஸாகப் போட்டுத் தீர்க்காமல் அந்த இடத்தில் அதே 21 வாட் பல்பை மாட்டிக்கொள்ளுங்கள், ஷார்ட் இருக்கும்வரை பளிச்சென்று எரியும், ஒயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் அணைகிறதோ அங்கேதான் உரசல்.

கேஸ் போட்ட வண்டி. கேஸில் ஓடுகிறது, பெட்ரோலில் ஓடவில்லை.

பெட்ரோல் பம்ப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டிய வண்டி இது. கேஸ் கிட் மாட்டும்போது பெட்ரோல் பக்க ஒயரை வெட்டிச் சுவிட்ச் வழியாக விட்டிருப்பார்கள், அந்த முறுக்கல்களை டேப் மட்டும் போட்டுச் சுற்றியிருப்பார்கள். டாஷ்போர்டு சூட்டில் டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும். இன்னொரு பக்கம், சில கிட்டில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், டேங்கில் பெட்ரோல் இருக்காது, பம்ப் வறண்டு ஓடிக் கருகும். கேஸில் ஓடும்போது பம்ப் முனகல் கேட்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மாதம் ஒரு நாளாவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

ஜி.பி.எஸ், அலாரம் எல்லாம் மாட்டியிருக்கிறது. அதனால் வருமா?

வரும். தூரத்திலிருந்தே வண்டியை நிறுத்துகிற வசதி உள்ள ஜி.பி.எஸ் என்றால் பம்ப் ஒயரையோ இக்னிஷன் ஒயரையோ வெட்டி நடுவில் தனி ரிலே வைத்திருப்பார்கள். ஸ்கூல் வேனாக ஓடிய வண்டியை செகண்ட்ஸில் வாங்கியவர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் விட்டுப் போயிருப்பதை நானே ஒரு வண்டியில் பார்த்தேன்.

தொல்லையே வேண்டாம், பேட்டரியிலிருந்து பம்புக்கு நேரடி ஒயர் போட்டு ஒரு சுவிட்ச் வைத்துவிடலாமா?

வழியில் நின்றால் வீடு வந்து சேர வைக்கலாம், அதுவும் பியூஸ் வைத்து. நிரந்தரமாக வேண்டாம். வண்டி மோதி இன்ஜின் நின்றால் இ.சி.எம் பம்பை நிறுத்திவிடும், உங்கள் சுவிட்ச் நிறுத்தாது. பைப் கிழிந்திருந்தால் சுமார் 3 பார் பிரஷரில் பெட்ரோல் பீய்ச்சும்.

பிளஸ் ஒயர் பழசாகி ஓல்ட்டேஜ் விழுகிறது என்றால் சரியான வழி ஒன்று இருக்கிறது. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர் புதிதாக இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் வைத்து, நடுவில் ஒரு புது ரிலே. பம்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஒயரை அந்த ரிலேயின் காயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டளை இ.சி.எம்மிடமிருந்தே வரும், கரண்ட் புது ஒயரில் போகும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய மிச்சத்தைப் போடாதீர்கள், அது கெட்டிக் கம்பியாக இருந்தால் வண்டி அதிர்வில் முறியும்.

கடைசியில் பம்ப்தான் போயிருக்கிறது என்று எப்படி முடிவு செய்வது?

பம்ப் கப்ளரில், மாட்டிய நிலையில், 11.5 ஓல்ட்டுக்கு மேல் இருக்கிறது, எர்த் பக்கம் 0.2-க்குள் இருக்கிறது, அப்புறமும் ஓடவில்லை என்றால் பம்ப்தான். ஓடுகிறது ஆனால் இழுவை இல்லை என்றால் பியூஸ் இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பொதுவாக 3 முதல் 6 ஆம்பியருக்குள் இருக்கும். அதைத் தாண்டி ஏறினால் பம்ப் எதையோ தள்ள முடியாமல் தள்ளுகிறது, ஃபில்டரைப் பாருங்கள். ரொம்பக் குறைவாகக் காட்டினால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், டேங்க் காலியாகவும் இருக்கலாம். சிரிக்காதீர்கள், முள் பொய் சொல்கிற வண்டியில் இது நடக்கும்.

டேங்கை இறக்கும் முன், பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்க விடுங்கள், லைனில் பிரஷர் போய்விடும். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். நிழலான திறந்த வெளியில், பீடி சிகரெட் பிடிப்பவர்களைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பம்ப் மாற்றும்போது கப்ளரின் உள்முனைகளையும் பாருங்கள், பழுப்பேறிக் கருகியிருந்தால் கப்ளரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது பம்பும் அந்தக் கருகலோடுதான் குடித்தனம் நடத்தும்.

இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இதெல்லாம் என்கிறார்களே?

பழைய ரப்பர் பைப், சீல் இவற்றுக்கு அது நல்லதில்லை, எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், பழைய டேங்கில் ஒட்டியிருந்த கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கவும் செய்யும். ஆனால் எர்த் போல்ட்டில் களிம்பு ஏறியதற்கு எத்தனால் என்ன செய்யும்? அளந்து பார்த்துவிட்டு அப்புறம் திட்டலாம்.

வண்டியில் எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும்?

நான் வைத்திருப்பது: ஒரு ஸ்பேர் ரிலே, நாலு பியூஸ், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த மூன்று மீட்டர் ஒயர், 21 வாட் பல்பு, உப்புத்தாள் ஒரு துண்டு, சின்ன மல்டிமீட்டர், தீயணைப்பு சிலிண்டர். எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடங்கும், சிலிண்டரைத் தவிர. மீட்டருக்குள் இருக்கும் 9 ஓல்ட் பேட்டரியை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அது இறங்கினால் ஓல்ட்டேஜைத் தப்பாகக் காட்டும், ஒரு தடவை அதை நம்பி நல்ல பேட்டரியை மாற்றப் போய்விட்டேன்.